பேக்குக்குள் கவ்வாத்துக் கத்தி

மஸ்கெலியாப் பக்கம் படிப்பித்த ஆசிரியை:

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, மே 6ஆம் திகதி தரம் 6இலிருந்து மேல் வகுப்புகளைத் திறந்தார்கள். எங்கள் தோட்டப் பாடசாலையிலும் தினமும் பேக் பார்த்தோம். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று அம்மாமார் முறை வைத்துக் கேட் வாசலில் வந்து நின்றார்கள்.

இரண்டாவது வாரம், தரம் 9 பையன் ஒருவன் பேக்கைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வாங்கிப் பார்த்த அம்மா கை நடுங்க என்னைக் கூப்பிட்டார். கொப்பிகளுக்கு நடுவே பழைய உரச் சாக்கில் சுற்றிய கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கிற கத்தி. முனை வளைந்தது, சாணை பிடித்துப் பளபளவென்று இருந்தது. நம் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், கூரைக்கடியில் செருகியிருக்குமே, அதேதான். ஆனால் அந்த மாதத்தில், அந்த வாசலில், அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பின்னால் நின்ற ஆசிரியர் ஒருவர் "பொலிசுக்கு அடிங்க" என்று கத்திவிட்டார். வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பாதிப் பயம் குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதிபர் வந்தார். பேக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பையனை யாரும் தொடவோ திட்டவோ விடவில்லை. மற்றப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். கத்தி அலுவலக அலுமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. நேரம் போட்டுச் சம்பவப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் பையனை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, "ஏன் ராசா கொண்டு வந்த?" என்று கேட்டார்.

ரொம்ப நேரம் தலை குனிந்தே இருந்தான். பிறகு சொன்னான்: "மேல் மலைத் தண்ணிக் கான்ல புலி படுத்திருந்திச்சு சேர். தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வரணும்."

விடிந்தும் விடியாத பனியில் தேயிலைக்குள்ளே ஒற்றையடிப் பாதை. எங்கள் மலைகளில் சிறுத்தை நடமாடுவது ஊருக்கே தெரியும். அந்தப் பாதையில் இரண்டு பிள்ளைகள் தனியாக வருவது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கே அப்பாவை வரவழைத்துக் கத்தியை அவர் கையில் கொடுத்தார் அதிபர். தோட்டத்து ஆட்களோடு பேசி, மேல் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பெரியவரோடு சேர்ந்து வர ஏற்பாடு செய்தார். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவித்தோம். பையனைத் தண்டித்து அனுப்பியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. அவன் பிறகு பள்ளிக்கூடத்துக்கே வந்திருப்பானா என்பதும் சந்தேகம்தான்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா:

டீச்சர், கத்தியென்றால் கையில் எடுத்துப் பூட்டலாம். எல்லாவற்றையும் அப்படித் தொடக்கூடாது என்பதை என் மகளின் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வருகிறதென்று யாரோ ஹக்கபட்டாஸ் வைத்திருக்கிறார்கள். இரைக்குள் மறைத்து வைக்கிற வெடி அது, கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடிக்கும். யானைகூடத் தாடை சிதைந்து பட்டினி கிடந்து சாகும். பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் அதை வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

தண்ணி ஊற்றப் போன பிள்ளைகள் வேலியோரம் உருண்டையாக என்னவோ கிடக்கிறது என்று சொல்ல, அங்கிருந்த டீச்சர் கிட்டப் போய்க்கூடப் பார்க்கவில்லை. காலால் தள்ளவும் இல்லை. பிள்ளைகளை வந்த வழியாகவே திருப்பி மேல் மைதானத்துக்குக் கூட்டிப்போய்விட்டு 119க்கு அடித்திருக்கிறார். பொலிஸ் வந்து எடுத்துப்போகும் வரை பாத்திப் பக்கம் ஒருவரையும் விடவில்லை.

விஷயம் தெரிந்து கொழுந்துக் கூடையோடவே ஓடினேன். மகள் என்னைக் கண்டதும் முதலில் சொன்னது வெடியைப் பற்றி இல்லை. "டீச்சர் எங்களப் பேர் சொல்லி எண்ணினாங்கம்மா. மூணு தடவ எண்ணினாங்க."