ப்ரோகால்சிடோனின் இறங்கிவிட்டது, சிஆர்பி இறங்கவில்லை: ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு நிமோனியா, ஐசியுவில் இருக்கிறார். வயது 68. தொற்று எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளில், சேர்த்த அன்று ப்ரோகால்சிடோனின் 8.4, இன்று காலை 1.2. சிஆர்பி மட்டும் இன்னும் 96. பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எதுவும் வளரவில்லையாம். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆக்சிஜனையும் குறைத்துவிட்டார்கள். நாளையோடு ஆன்டிபயாடிக் போதும் என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டில் இரண்டுமே ‘அதிகம்’ என்றுதான் சிவப்பில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

சோளக்காடு:
சிஆர்பி நார்மல் ஆகும்வரை நிறுத்த விடாதீர்கள். என் மாமாவுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

லேப்_அக்கா:
தம்பி, சிஆர்பியைக் காட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். ஐசியு சாம்பிள் ஓட்டுவதுதான் என் வேலை. சிஆர்பி கல்லீரலில் உண்டாவது. கிருமிக்கும் ஏறும், ஆபரேஷனுக்கும் ஏறும், மூட்டுவாதத்துக்கும் ஏறும். உச்சிக்குப் போகவே இரண்டு நாள் ஆகும், இறங்குவதிலும் பின்தங்கும்.

ப்ரோகால்சிடோனின் அப்படியில்லை. பாக்டீரியா தொற்று கடுமையானால் சில மணி நேரத்தில் ஏறும். அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறையும். ராத்திரி ட்யூட்டி டாக்டர் போன் செய்தால் முதல் கேள்வியே “நேத்து எவ்வளவுக்கா?” என்பதுதான். சிவப்பு எழுத்தை யாரும் கேட்பதில்லை.

0.5 வரை வந்தாலோ, உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ நிறுத்தலாம் என்று நெதர்லாந்து ஐசியுக்களில் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். மருந்து நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை. அம்மாவின் 8.4இலிருந்து 80 சதவீதம் இறங்கினால் 1.68. அம்மா அதையும் தாண்டி இறங்கிவிட்டார். காய்ச்சலும் இல்லை என்கிறீர்களே!

வைகைக்கரை:
நன்றிக்கா. கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் 2.9, அதிகமாக இருக்கிறது. அதனால் இந்த எண் மாறுமா?

லேப்_அக்கா:
மாறலாம். கிட்னி மந்தமானால் தொற்று இல்லாமலே கொஞ்சம் உயர்ந்து நிற்கும், இறங்கவும் தாமதமாகும். அப்படியிருந்தும் இவ்வளவு இறங்கியது நல்ல சேதிதான்.

டாக்டரிடம் ஒன்று சொல்லுங்கள்: இங்கே சேர்ப்பதற்கு முன் வேறெங்காவது ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். அதற்குப் பிறகு எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளராததை வைத்துக் கிருமியே இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம், சந்தேகத்துக்கு வெளி லேபில் கொடுத்துப் பார்க்காதீர்கள். மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், பழைய 8.4உடன் ஒப்பிட முடியாமல் போய்விடும்.