மெக்சிகோ வளைகுடா, 87 நாள்: அடைக்க முடியவில்லையா, அடைக்க மனமில்லையா?

நெய்தல்நிலவன்:
2010 ஏப்ரல் 20 இரவு, லூசியானா கரையிலிருந்து 66 கி.மீ. தள்ளி டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் (கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடை) வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் ரிக் மூழ்கியது. அடியிலிருந்த மக்கோண்டோ கிணறு ஜூலை 15 வரை எண்ணெய் கக்கிக்கொண்டே இருந்தது.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுக்கிறது. முதலில் பெட்டி போட்டுக் கவிழ்த்தார்கள். அப்புறம் குழாய் செருகினார்கள். அப்புறம் கோல்ஃப் பந்தும் டயர்த் துண்டும் திணித்தார்கள். எங்கள் தெருவில் பைப் உடைந்தால் பிளம்பர் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டுப் போவாரே, அதே வித்தைதான். கிணற்றுக்குச் சொந்தக்காரரான பிபி மாதிரி ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கு இதுதானா தெரியும்? கிணற்றை மூட வேண்டும் என்பதைவிட, பின்னால் அதே கிணற்றில் எண்ணெய் எடுக்க வேண்டும் என்ற கணக்குத்தான் ஓடியிருக்கும் என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

துளைகாரன்:
மறுக்கிறேன் தம்பி. 19 வருடம் ரிக்கில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கிணறு இருந்தது 1,500 மீட்டர் தண்ணீருக்கு அடியில். அங்கே மனிதன் இறங்க முடியாது. ஒரு நட்டைத் திருகுவதானாலும் ரோபோ கைதான். கிணற்றின் தலையில் பிஓபி என்று ஒரு ராட்சத வால்வு அடுக்கு இருக்கும். கிணறு பொங்கினால் அதற்குள் இருக்கும் கத்தி, குழாயை வெட்டி வாயை மூட வேண்டும். அன்று கத்தி வேலை செய்தது. ஆனால் உள்ளே குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, அதனால் முழுதாக வெட்டுப்படவில்லை. அரைகுறையாக மூடிய வால்வுக்குள் என்ன நிலவரம் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

மே 7ஆம் தேதி நாலு மாடி உயர இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். அந்த ஆழத்தில் கடுங்குளிர், கடும் அழுத்தம். மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து பெட்டியின் மேல்வாயை அடைத்துவிட்டது. அந்தக் கட்டி தண்ணீரைவிட லேசு என்பதால் அத்தனை பெரிய பெட்டியே மிதக்கப் பார்த்தது.

கோல்ஃப் பந்துக்கு வருகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். துளையிடும்போது கிணற்றுக்குள் கனமான சேற்றுக் கலவை ஒன்றைச் செலுத்துவோம், 'மட்' என்போம். அது பாறை வெடிப்புக்குள் போய்த் திரும்பி வராவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? வால்நட் ஓட்டை உடைத்து, நாரும் மைக்காவும் கலந்து பம்ப் பண்ணுவோம். நானே மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறேன். சந்தில் போய்ச் சிக்கி அடைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைப் பொருள் என்பதால் அது மட்டமான யோசனை ஆகிவிடாது.

பிறகு, கிணற்றைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்கிறாயே, அதைக் கொல்வதற்கான, அதாவது அடியில் போய்ச் சேர்ந்து நிரந்தரமாக அடைப்பதற்கான துணைக்கிணற்றை மே 2ஆம் தேதியே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவதை மே 16இல். காப்பாற்ற நினைப்பவன் கல்லறை தோண்டுவானா?

பீப்பாய்க்கணக்கு:
துளைகாரன் சார் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு வழக்கில்லை. கோல்ஃப் பந்தும் போகட்டும். என் சண்டை வேறு ஒன்றோடு: நாளுக்கு எத்தனை பீப்பாய் என்று சொன்னார்களே, அந்த எண்.

முதலில் 1,000 என்றார்கள். ஏப்ரல் 28இல் 5,000 ஆனது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அது நகரவே இல்லை. அந்த மாதத்தின் நடுவில், கிணற்றையும் ரிக்கையும் இணைத்திருந்து உடைந்துபோன ரைசர் குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகி உறிஞ்ச ஆரம்பித்தார்கள். மே 20ஆம் தேதி, நாளுக்கு 5,000 பீப்பாய் உறிஞ்சுகிறோம் என்று பிபியே அறிவித்தது. மொத்தக் கசிவே 5,000 என்றால் அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அதே நாட்களில் கடலடிக் கேமரா நேரலையில் குபுகுபுவென்று எண்ணெய் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கு இது.

அந்த நேரலையும் தானாக வரவில்லை. எட் மார்க்கி போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிடித்த பிடியில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே, கிடைத்த சிறிய வீடியோத் துண்டை வைத்து பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் வெர்லி எண்ணெயின் வேகத்தை அளந்து நாளுக்கு 70,000 பீப்பாய் அளவில் இருக்கும் என்றார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. கடைசியில் அரசு விஞ்ஞானிகள் ஆகஸ்டில் சொன்ன எண் என்ன? தொடக்கத்தில் 62,000, மூடும்போது 53,000.

மக்கள் நம்பவில்லை என்று வருத்தப்படுகிறோம். எதை நம்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

சுறாப்புட்டு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 1966இல் சோவியத்காரர்கள் உஸ்பெகிஸ்தானில் மூன்று வருடமாக எரிந்த வாயுக் கிணற்றை அணுகுண்டு வைத்து மூடினார்களே! அதைச் செய்திருந்தால் ஒரே நாள். செய்யவில்லை. ஏன்? யோசியுங்கள்.

இன்னொன்று. கிணறு இன்றும் கசிகிறது, மூடியதாகக் காட்டிய வீடியோ எல்லாம் செட்டப் என்கிறார் என் நண்பர்.

துளைகாரன்:
சுறா, அது தரையில் இருந்த வாயுக் கிணறு. இங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், அழுத்தம் ஏறிய எண்ணெய்ப் பாறையின் பக்கத்தில் குண்டு வைத்துப் பாறை பிளந்தால் எந்த மூடியைப் போய்த் தேடுவாய்? அமெரிக்க அரசு அந்த யோசனையைத் தொடக்கூட இல்லை. நல்லவேளை.

பீப்பாய்க்கணக்கு, 5,000 என்பதை நிறுவனம் மட்டும் சொல்லவில்லை, அரசின் கடல் ஆய்வு அமைப்பான நோவாவும் சொன்னது. கலங்கிய வீடியோவைப் பார்த்து எண்ணெய் எவ்வளவு, வாயு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. கசிவை அடைக்க ஹூஸ்டனில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களும் பிபி ஆட்கள் மட்டும் இல்லை. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் இருந்தார்கள், அரசு ஆய்வகங்கள் இருந்தன. நோபல் பரிசு வாங்கிய எரிசக்தி அமைச்சர் ஸ்டீவன் சூ இருந்தார். அத்தனை பேரும் சேர்ந்து நாடகம் போட்டார்களா?

சட்டப்படியும் பாருங்கள். வழக்கை விசாரித்த நீதிபதி கார்ல் பார்பியே 2015 ஜனவரியில், கசிவை அடைக்கும் முயற்சியில் பிபி அப்பட்டமான அலட்சியம் காட்டவில்லை என்று தீர்ப்பெழுதினார். வெளியேறிய எண்ணெயையும் அரசு கேட்ட அளவுக்கு அவர் ஏற்கவில்லை. 31.9 லட்சம் பீப்பாய் கடலில் கலந்தது என்று முடித்தார்.

பீப்பாய்க்கணக்கு:
அதே நீதிபதி 2014 செப்டம்பரில், வெடிப்புக்குக் காரணம் பிபியின் அப்பட்டமான அலட்சியம் என்று எழுதியதை மட்டும் விட்டுவிட்டீர்களே சார். சரி, அது வழக்கின் வேறு கட்டம் என்பீர்கள்.

கசிவின் அளவைப் பற்றி நாடாளுமன்றத்தை ஏமாற்றியதாக 2012இல் நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டதே, அது? அளப்பது கஷ்டம் என்பது ஒரு விஷயம். அளந்ததை மறைப்பது இன்னொரு விஷயம்.

நெய்தல்நிலவன்:
நான் கேட்க வந்தது இன்னும் பாக்கி இருக்கிறது. ஜூலையில் ஒரு மூடியைப் பொருத்தி வால்வைத் திருகியதும் கசிவு நின்றுவிட்டது. அந்த மூடியை மே மாதமே போட்டிருக்கலாமே?

துளைகாரன்:
நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

மே 26 முதல் 28 வரை 'டாப் கில்' நடந்தது. மேலிருந்து கனமான மட் கலவையை அழுத்தி எண்ணெயைக் கீழே தள்ளுவது. 30,000 பீப்பாய் மட் போயிருக்கும், நிற்கவில்லை. மட் எங்கே போனது? கிணற்றின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்து அதன் வழியாகப் போயிருக்கலாம் என்ற பயம் வந்தது. அப்படி இருந்தால், மேலே இறுக்கி மூடினால் எண்ணெய் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு கடல் தரையிலேயே பல இடங்களில் பொங்கும். அதற்கு மூடியே கிடையாது. அதனால்தான் மூடாமல், மேலே குல்லாய் மாதிரி ஒன்றைப் போட்டு முடிந்தவரை சேகரித்தார்கள்.

ஜூலை 15இல் மூடியபோதுகூட எல்லோர் கண்ணும் அழுத்தமானியில்தான். 7,500 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) தாண்டினால் கிணறு திடமாக இருக்கிறது. 6,000க்குக் கீழே என்றால் எங்கோ ஒழுகுகிறது, திறந்துவிட வேண்டும். வந்ததோ 6,600 சொச்சம், இரண்டுக்கும் நடுவில்! கலிபோர்னியாவில் இருந்த பால் ஷே என்ற அரசு நிலத்தடி நீர் விஞ்ஞானி அன்றிரவு தூங்கவில்லை. மூன்று மாதம் எண்ணெய் போனதால் பாறையின் அழுத்தமே குறைந்திருக்கிறது, கிணறு ஒழுகவில்லை என்று கணினி மாதிரி போட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் திறக்காமல் விட்டார்கள். ஒரு ரிக்காரனாகச் சொல்கிறேன், அந்த இரவை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். அப்புறம் ஆகஸ்டில் மட், சிமெண்ட். செப்டம்பர் 19இல் கிணறு செத்தது என்று அறிவித்தார்கள்.

பீப்பாய்க்கணக்கு:
அருமையாகச் சொன்னீர்கள். இப்போது உங்கள் கதையிலேயே என் எண்ணைப் பொருத்திப் பாருங்கள்.

நாளுக்கு 15,000 பீப்பாய்க்கு மேல் பொங்கினால் டாப் கில் வேலை செய்யாது என்ற கணக்கு அந்த நிறுவனத்தின் உள்ளேயே இருந்தது. பம்ப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டம் 15,000க்கு மேல் போகிறது என்று ஒரு பொறியாளர் குறுஞ்செய்தி அனுப்பினார். வெளியே சொன்ன எண்ணோ 5,000. உண்மையான எண் கையில் இருந்திருந்தால், மட் ஏன் நிற்கவில்லை என்பதற்குச் சுவரில் ஓட்டை தேட வேண்டிய அவசியம் என்ன? எதிர்வெள்ளம் அதிகம், மட் கலவையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். சுவர் பயம் இல்லையென்றால் ஜூலை மூடியைப் பற்றி ஜூனிலேயே பேசியிருக்கலாம். வழக்கில் எதிர்த்தரப்பு இந்த வாதத்தை வைத்தது. நீதிபதி அதற்காகப் பெரிய குற்றம் சுமத்தவில்லை, தெரியும். ஆனாலும் எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே நிற்கிறது.

ஆயத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாவுக்கென்று எண்ணெய் நிறுவனங்கள் எழுதி வைத்திருந்த அவசரத் திட்டங்களில் வால்ரஸைக் காப்பாற்றுவது பற்றி இருந்தது. வெதுவெதுப்பான மெக்சிகோ வளைகுடாவில் வால்ரஸ்! ஆர்க்டிக்குக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். 1979இல் அதே வளைகுடாவில், மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு பொங்கியபோது என்னென்ன செய்தார்கள்? கவிழ்த்த கூம்பு, உள்ளே திணித்த உலோக உருண்டைகள், கடைசியில் துணைக்கிணறு. 50 மீட்டர் ஆழத்துக்கே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. 31 வருடத்தில் ஆழம் முப்பது மடங்கு ஆனது. அடைக்கும் கருவிப் பெட்டியில் புதிதாகச் சேர்ந்தது கோல்ஃப் பந்து.

துளைகாரன்:
ஆயத்தம் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். துளைக்கிற கருவிக்குக் கொட்டின பணத்தில் கால்வாசிகூட அடைக்கிற கருவிக்குப் போகவில்லை. நான் இருந்த ஒரு ரிக்கில் அழுத்தச் சோதனையில் வந்த எண் பிடிக்காமல், பிடித்த எண் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மக்கோண்டோவிலும் வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு சோதனை சரியில்லை என்று குழாயின் அழுத்தம் காட்டியது. ஏதோ காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் மே முதல் ஜூலை வரை ராத்திரி பகலாக அந்த அறைகளில் உட்கார்ந்தவர்களை நாடகக்காரர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

சுறாப்புட்டு:
என் நண்பர் சொன்ன இன்றைய கசிவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

பீப்பாய்க்கணக்கு:
உங்கள் நண்பர் பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறார். 2012இல் அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. கடலோரக் காவல் படை சோதித்ததில் மக்கோண்டோ எண்ணெயேதான். கிணறு கசியவில்லை. மே மாதம் தோற்றுப்போய் ஓரமாக விட்ட அந்த இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதற்குள் சிக்கியிருந்த எண்ணெய் ஒழுகியிருக்கிறது. அதற்கும் போய் ஒரு மூடி போட்டார்கள்.

நெய்தல்நிலவன்:
அடைக்கப் போட்ட பெட்டிக்கே அடைப்பா! சரி, கிணற்றைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கசிவின் அளவை மறைத்தார்கள் என்று பீப்பாய்க்கணக்கு சொன்னதை விட மாட்டேன்.

பீப்பாய்க்கணக்கு:
போவதற்கு முன் ஒன்று. அதே வளைகுடாவில் டெய்லர் எனர்ஜி என்ற நிறுவனத்தின் மேடை 2004இல் ஐவன் புயலில் சாய்ந்தது. கசிவு நாளுக்குச் சில காலன்தான் என்று நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. 2019இல் காவல் படை ஏற்பாட்டில் அங்கே சேகரிப்புக் கருவி வைத்ததும் நாளுக்கு ஆயிரம் காலன் பிடிபட்டது. இடையில் 14 வருடம்.

துளைகாரன்:
அங்கே நேரலைக் கேமரா இல்லை.