தலைவர் படத்தை வெட்டிவிட்டு ஓட்டுக் கேட்டால் ஜெயிக்க முடியுமா?

பழைய கிராணி (பத்தாங் பெர்ஜுந்தை) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. தோட்டத்தில் 29 வருடம் கிராணி வேலை பார்த்தேன். செக்ரோல் எழுதி முடித்த கையோடு கட்சிக் கிளைக்குப் போய்விடுவேன். பசை காய்ச்சுவது, கொடி கட்டுவது, ஓட்டு எண்ணும் அறையில் ஏஜெண்டாக உட்காருவது என்று ஐந்து தேர்தல் பார்த்தவன். அதனால்தான் இந்த விஷயம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

2024-இல் அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் எங்கள் கோப்பிக் கடையில் பேச்சு முழுக்க கமலா ஹாரிஸ்தான். தாத்தா ஊர் துளசேந்திரபுரம், அங்கே கோயிலில் அவருக்காகப் பூசை போட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் மகன் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினான். மொன்டானா மாநில செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர், ஜோன் டெஸ்டர் பற்றியது. விவசாயி. சின்ன வயதில் இறைச்சி அரைக்கும் மெஷினில் கை மாட்டி இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கமலாவின் அதே ஜனநாயகக் கட்சிக்காரர். ஜூலை 18-ஆம் தேதி, அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்றார். 21-ஆம் தேதி பைடன் விலகி, கமலா வந்தார். சரி, இனி சேர்ந்து நிற்பார் என்று பார்த்தால், சிக்காகோவில் நடந்த கட்சி மாநாட்டுக்கே அவர் போகவில்லை. கமலாவை ஆதரிக்கிறேன் என்ற வார்த்தை கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே மலேசியாவில் மேலிடம் கையெழுத்துப் போட்ட வாத்திக்கா (வேட்பாளர் நியமனக் கடிதம்) இல்லாமல் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. அங்கே எப்படி விடுகிறார்கள்? இது முதல் கேள்வி. இப்படி விலகி நின்றவர்கள் ஜெயித்தார்களா? இது இரண்டாவது.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் ஊரிலும் ஒன்று நடந்தது. எந்தக் கட்சி, எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அந்த மனிதரை இழுக்க எனக்கு மனமில்லை. வேட்புமனு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பேனர் எல்லாம் வந்துவிட்டது. எட்டடிக்கு நாலடி. இடது பக்கம் தலைவர், வலது பக்கம் வேட்பாளர், நடுவில் சின்னம். அந்தச் சமயம் தலைவர் மேல் ஊரே கொதித்துக் கிடந்தது. ராத்திரி பத்து மணிக்கு வேட்பாளரிடமிருந்து ஃபோன். "அண்ணே, இடது பக்கத்த வெட்டிடுங்க. சின்னமும் என் படமும் போதும்."

புதிதாக அடிக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. கடைவீதி அஞ்சடியில் பேனரை விரித்துப்போட்டு, என் மனைவியின் தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் துணி வழுக்கிக்கொண்டே போகும், நேராக வராது. தலைவருடைய ஒரு தோள் சின்னத்தோடு ஒட்டியிருந்தது. அதையும் வெட்டினால் சின்னம் சிதையும். விட்டால் யாருடையது என்று தெரியாத ஒரு தோள் தனியாக நிற்கும். விட்டுவிட்டேன். பதினெட்டு பேனர் முடிய விடியற்காலை மூன்று மணி.

காலையில் மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா பேனரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது யாரு தோளுண்ணே?" என்று கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தேர்தலில் நாங்கள் தோற்றோம். தோளால் தோற்றோமா, தலைவரால் தோற்றோமா என்று இன்றைக்கும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத் தம்பி (கிள்ளான்):

ஐயா, முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அங்கே வாத்திக்கா கொடுக்கும் ஆளே கிடையாது. பிரைமரி என்று ஒரு முன்தேர்தல் வைத்து, வேட்பாளர் யார் என்பதை அந்தந்தத் தொகுதி வாக்காளர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் ஜெயித்தவரிடமிருந்து கட்சித் தலைமை டிக்கெட்டைப் பிடுங்க முடியாது. அப்புறம், அங்கே அதிபருக்கு ஓர் ஓட்டு, செனட்டருக்கு ஓர் ஓட்டு, கீழவைக்கு ஓர் ஓட்டு என்று தனித்தனியாகப் போடலாம். மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கொஞ்சம் பேரைக் குறிவைத்துத்தான் இந்த விலகல் எல்லாம்.

சில நேரம் தலைமையே விலகிக்கொள்ளச் சொல்லும். 1996-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாப் டோல் தோற்பார் என்று தெரிந்ததும், கிளின்டன் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடாதீர்கள், எங்களைக் காங்கிரசில் (அவர்கள் நாடாளுமன்றம்) வையுங்கள் என்று அந்தக் கட்சியே விளம்பரம் போட்டது. தங்கள் அதிபர் வேட்பாளர் தோற்றுவிட்டார் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான். டோல் தோற்றார், கீழவை அவர்கள் கையிலேயே இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு 2016-ஐப் பாருங்கள். அக்டோபர் 7-ஆம் தேதி, டிரம்ப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிய பழைய ஒலிப்பதிவு வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியானது. மறுநாளே அவர் கட்சிக்காரர்களே அவரை விட்டுக் கூண்டோடு விலக ஆரம்பித்தார்கள். 10-ஆம் தேதி கீழவைத் தலைவர் பால் ரயன், இனி நான் டிரம்பைத் தாங்கிப் பேசமாட்டேன், அவரவர் தொகுதிக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள் என்று தன் உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டார்.

விலகியவர்களில் நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் கெல்லி அயோட் தோற்றார். எத்தனை ஓட்டில் தெரியுமா? 1,017. ஓட்டு எண்ணும் அறையில் உட்கார்ந்த உங்களுக்கு அந்த எண்ணின் வலி புரியும். நெவாடாவில் செனட் வேட்பாளர் ஜோ ஹெக்கும் தோற்றார். ஆனால் அதே வாரத்தில் விலகிய ஒஹாயோ செனட்டர் ரோப் போர்ட்மன் 21 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் அமோகமாக ஜெயித்தார். பென்சில்வேனியாவின் பாட் டூமி எந்தப் பக்கமும் சொல்லாமல் இழுத்து, தேர்தல் நாளன்று சாயங்காலம் ஓட்டுப் போட்ட பிறகுதான் டிரம்புக்குப் போட்டேன் என்றார். அவரும் ஜெயித்தார். ஆக, விலகினால் ஜெயிப்பு, விலகாவிட்டால் தோல்வி என்று கோடு போட முடியாது. அந்த வருடம் செனட் தேர்தல் நடந்த 34 மாநிலத்திலும், அதிபருக்கு எந்தக் கட்சி ஜெயித்ததோ அதே கட்சிதான் செனட்டிலும் ஜெயித்தது.

என் கணிப்பில், பல வருடம் தனியாக நடந்து பழகியவருக்குத்தான் இது எடுபடுகிறது. மேய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் கோலின்ஸ் 2020-இல் யாருக்கு ஓட்டு என்று சொல்லவே மறுத்தார். பைடன் அங்கே 9 புள்ளியில் ஜெயித்தார், கோலின்சும் 8 புள்ளிக்கு மேல் ஜெயித்தார். அவர் கட்சியை மீறி ஓட்டுப் போடுவதை ஊர் 20 வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறது. அதே மேய்னில் ஜனநாயகக் கட்சியின் கீழவை உறுப்பினர் ஜாரெட் கோல்டன், 2024-இல் டிரம்ப் ஜெயித்த தொகுதியை நூலிழையில் தக்கவைத்தார்.

உங்கள் டெஸ்டர் தோற்றார் ஐயா. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொன்டானாவில் டிரம்ப் ஏறக்குறைய 20 புள்ளியில் ஜெயித்தார், டெஸ்டர் 7 புள்ளியில் தோற்றார். நடுவில் உள்ள அந்த 13 புள்ளியும் அந்த மனிதர் சொந்தமாகச் சேர்த்தது. வெள்ளம் அதற்கு மேலே வந்துவிட்டது.

ஓய்வு டீச்சர் (ஈஜோக்):

கிராணி அண்ணனுக்கு வணக்கம். தம்பி நன்றாக விளக்கிவிட்டது. நான் வேறு ஒன்று சொல்லவேண்டும்.

எங்கள் தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எல்லாருக்கும் கடிதம் வந்தது. அப்போது லயத்துக்கு வந்து எங்களோடு வாசற்படியில் உட்கார்ந்தவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். கட்சித் தலைவர் வரவில்லை, வருவார் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த தேர்தலில் தலைவர் செய்த தப்புக்காக அவரைத் தோற்கடித்தோம். என் ஓட்டும் அதில் ஒன்று. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அவர் மட்டும் அன்றைக்கு, தலைவர் செய்தது தப்பு என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என் ஓட்டு அவருக்குத்தான் போயிருக்கும். ஆகவே விலகுவதே துரோகம் என்று நான் நினைக்கவில்லை. தொகுதி மக்களுக்குத்தானே அவர் வேலைக்காரர்?

ஆனால் அந்த அயோட் விஷயம் வேறு. தம்பி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். ஒலிப்பதிவு வெளியாவதற்கு நான்கு நாள் முன்னால், அக்டோபர் 3-ஆம் தேதி, மேடை விவாதத்தில் அவரைக் கேட்டார்கள்: பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக டிரம்பைக் காட்டுவீர்களா என்று. நிச்சயமாக என்றார். அன்று இரவே, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அறிக்கை. 8-ஆம் தேதி, டிரம்புக்கு ஓட்டுப் போடமாட்டேன், டிரம்பின் துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸ் பெயரைச் சீட்டில் எழுதுவேன் என்றார். ஒரே வாரத்தில் மூன்று பேச்சு. நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவள். பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு முதலில் மனதில் பட்டதைச் சொல்லியிருந்தால், அந்த 1,017 ஓட்டு அவரை விட்டுப் போயிருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் வேட்பாளரும் ராத்திரி பத்து மணிக்குத்தானே ஃபோன் போட்டார், அண்ணே.

பழைய கிராணி:

டீச்சர் அந்தப் பத்து மணியைப் பிடித்துவிட்டீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவர் எங்கள் கிளையில் நின்று, தலைவர் நமக்கெல்லாம் தகப்பன் மாதிரி என்று கண்கலங்கப் பேசினார். நானும் கை தட்டினேன். அவரை நம்பி வீடு வீடாகப் போய் அதையே சொன்னவன் நான். மறுவாரம் அதே வீடுகளுக்கு வெட்டின பேனரோடு எப்படிப் போவது? லயத்தில் ஒரு கிழவி, பழைய பால்வெட்டுக்காரி, "கிராணி, போன வாரம் பொய் சொன்னியா, இந்த வாரம் சொல்றியா?" என்று கேட்டார். வெற்றிலை மென்றுகொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார். மீன்காரக்கா கேட்டதைவிட அதுதான் என்னைக் குத்தியது.

வெட்டி எடுத்த துண்டுகள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. பிளாஸ்டிக் துணி, தூக்கிப் போட மனம் வரவில்லை. மனைவி இரண்டு துண்டைக் கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள். முகம் மேலே தெரிந்தது. நான் போய்த் திருப்பிப் போட்டேன். தலைவர் மேல் எனக்கும் கோபம் இருந்தது, ஆனாலும் அப்படிப் பார்க்க முடியவில்லை.

தம்பி, இன்னும் ஒன்று கேட்கிறேன். வேட்பாளர் விலகினார், சரி. அவரோடு வேலை செய்த எங்களை மாதிரி ஆட்கள் அங்கே என்ன செய்தார்கள்?

துறைமுகத் தம்பி:

ஜோ ஹெக் விலகியதே ஒரு கூட்டத்தில் வைத்துத்தான் ஐயா. தன் ஆதரவாளர்கள் முன்னால் நின்று, டிரம்பை இனி ஆதரிக்க முடியாது என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, அவருக்காக வந்தவர்களே. டிரம்பைப் பிடித்தவர்களுக்கு அவர் ஓடிப்போனவர். டிரம்பைப் பிடிக்காதவர்களோ, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றார்கள். கடைசியில் அவர் தோற்றது இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கிழவி கேட்டதுதான் நெவாடாவிலும் கேட்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மீட்டிங்கில் நின்று முகத்துக்கு நேரே சொன்னதற்காக மட்டும் எனக்கு ஹெக் மேல் ஒரு மரியாதை உண்டு.

பழைய கிராணி:

மிக்க நன்றி தம்பி, நன்றி டீச்சர். முகத்துக்கு நேரே சொன்னார் என்றதும் எனக்கு மனது கொஞ்சம் ஆறியது. எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

என் அக்கா மகன் இப்போது இளைஞர் பிரிவில் இருக்கிறான். அடுத்த தேர்தலுக்கு நீங்கதான் மாமா பேனர் வேலை பார்க்கணும் என்று போன வாரம் வந்து நின்றான். செய்கிறேன் என்றேன். ஆனால் டிசைன் அச்சுக்குப் போவதற்கு முன்னால் வேட்பாளரே எங்கள் கிளைக்கு வந்து, யார் படம் இருக்கும், யார் படம் இருக்காது, ஏன் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான்.