பத்தாவது முடித்த மகளுக்கு இந்த நாலு நாவல்களையும் வாங்கித் தரலாமா?

குடியாத்தம் தையல் கடை:

வணக்கம். மகள் பத்தாவது முடித்துப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். நல்ல மார்க் எடுத்தால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நாலு புத்தகத்தின் பெயரை எழுதி நீட்டினாள். எல்லாமே இங்கிலீஷ் நாவல். 'இட் எண்ட்ஸ் வித் அஸ்', 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்', 'தி இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்', 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்'. வகுப்பில் எல்லாரும் இவற்றைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

எனக்கும் கதை என்றால் உயிர். கடையில் மெஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு நாவல் கிடக்கும். ஆனால் தமிழ் மட்டும்தான் படிப்பேன். இவற்றை நான் படித்துப் பார்த்து வாங்க வழியில்லை. கடையில் கேட்டால் "நல்லா போகுது மேடம்" என்கிறார்கள். நல்லா போவது வேறு, நல்லா இருப்பது வேறு. இதையெல்லாம் படித்த சின்ன வயசுக்காரர்கள் யாராவது, பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் மனசில் பட்டபடி சொல்லுங்கள். 1,500 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். நாலும் வாங்கலாமா, வேறு நல்லது இருக்கிறதா?

வாலாஜா வாசகர்:

அம்மா, நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன புத்தகங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. மு.வ. எழுதிய 'அகல் விளக்கு'. 1958-ல் வந்தது, 1961-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. மு.வ. நம் வட ஆர்க்காட்டுக்காரர். வேலய்யன், சந்திரன் என்று இரண்டு பையன்கள். வாலாஜாவில்தான் சிநேகிதம் ஆகிறார்கள். சந்திரன் அழகன், கெட்டிக்காரன், எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வேலய்யன் சாதாரணமானவன். யார் எப்படி ஆகிறார்கள் என்பதுதான் கதை. என் காலத்தில் காலேஜ் பையன்கள் கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியப் படித்தோம். மகளுக்கு அதையும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

சத்துவாச்சாரி வாசகி:

அக்கா என்றே கூப்பிடுகிறேன். நான் வேலூர், இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தேன். உங்கள் மகள் எழுதிக் கொடுத்த நாலையும் படித்திருக்கிறேன். தோழிகள் சிலர் ஆளுக்கு ஒரு புத்தகமாக வாங்கி மாற்றிக்கொள்வோம்.

முதலில் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்'. இதை இப்போது வாங்க வேண்டாம். இது இளையோர் நாவலே இல்லை. காலீன் ஹூவர் பெரியவர்களுக்காக எழுதி 2016-ல் வந்தது. பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், அவளை அடிக்கும் கணவன், சின்ன வயதில் அவள் பார்த்த அப்பாவின் அடி. படுக்கையறைக் காட்சிகளும் வெளிப்படையாக வரும். அட்டையில் பூ இருக்கிறது என்று கடைகளில் எங்கள் வயசுப் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கிவிடுகிறார்கள். எடுத்துக்கொண்ட விஷயம் ரொம்ப முக்கியமானது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் பாதியில் அந்த ஆளை அவ்வளவு ஆசை ஆசையாக வர்ணித்திருப்பதால், என் வகுப்பில் சில பேர் கடைசி வரைக்கும் அவன் பக்கம்தான் பேசினார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. இரண்டு வருடம் போகட்டும்.

மற்ற மூன்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் கதையில் எதைத் தேடுவேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் காசு எங்கிருந்து வருகிறது? சோறு யார் ஆக்குகிறார்கள்? பெண் ராத்திரி வெளியே போனால் யார் கேட்கிறார்கள்? இந்த மூன்றும் இல்லாத கதை எவ்வளவு வேகமாக ஓடினாலும் என் மனசில் தங்குவதில்லை.

'குட் கேர்ள்ஸ் கைடு' ஹாலி ஜாக்சனின் முதல் நாவல், 2019. பிப் என்ற பதினேழு வயதுப் பெண், ஐந்து வருடம் முன்னால் ஊரில் நடந்த கொலையைப் பள்ளி ப்ராஜெக்டாக எடுத்துத் துருவுகிறாள். பழி விழுந்தது சால் சிங் என்ற பையன் மேல். அவனும் உயிரோடு இல்லை. கதையின் நடுவில் அவள் எடுக்கும் பேட்டிகள், குறிப்புகள் எல்லாம் அப்படியே வரும். நாமும் கூடவே கணக்குப் போடலாம். கீழே வைக்க மனசு வராது. எனக்கு அதிகம் பிடித்தது துப்பறிவது அல்ல, சிங் குடும்பத்தை அந்த ஊர் நடத்துகிற விதம். பையன் செய்தானா என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் தம்பி ரவி தெருவில் நடந்தால் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே புரியும். தாராளமாக வாங்குங்கள். தொடரின் மூன்றாவது புத்தகம் மட்டும் ரொம்ப இருட்டு, அதற்கு அவசரம் வேண்டாம்.

'இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்', ஜெனிஃபர் லின் பார்ன்ஸ், 2020. இது என்னை ஏமாற்றிய புத்தகம். ஏவ்ரி என்ற ஏழைப் பெண், சில ராத்திரி காரிலேயே தூங்குகிறவள். முன்பின் தெரியாத கோடீஸ்வரர் ஒருவர் சொத்தில் பெரும்பகுதியை இவள் பெயருக்கு எழுதிவிட்டுச் செத்துப்போகிறார். ஆரம்பத்தில் அவள் சில்லறை எண்ணுவதைப் படிக்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாளிகைக்குள் காலடி வைத்ததும் அது எல்லாம் காணாமல் போய்விடுகிறது. அப்புறம் புதிர், ரகசியக் கதவு, அழகான நாலு பேரன்கள். கஷ்டப்பட்டு வளர்ந்த ஒருத்திக்குப் பணம் வந்தால் முதல் மாதம் என்ன செய்வாள், எதற்குப் பயப்படுவாள் என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிந்துகொள்ள ஆசையே இல்லையோ என்று தோன்றியது. புதிர் பிடிக்கும் பிள்ளைக்கு நன்றாகப் பொழுது போகும். கடன் வாங்கிப் படித்தால் போதும்.

'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' கண்டிப்பாக வாங்குங்கள். சூசன் காலின்ஸ், 2025 மார்ச். 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் ஐந்தாவது. ஆனால் காலக் கணக்கில் முதல் மூன்று புத்தகங்களுக்கும் முன்னால் நடக்கிறது. பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்லவிட்டு அதை டிவியில் காட்டும் நாடு. இந்த முறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, 48 பிள்ளைகள். அவர்களில் ஒருவனான ஹேமிட்ச்தான் கதாநாயகன். அவன் அம்மா துணி துவைத்துக் கொடுத்து வீட்டை ஓட்டுகிறாள். அவன் சாராயம் காய்ச்சும் ஒரு பெண்ணுக்கு எடுபிடி. வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் அந்தப் போட்டிக்குப் பிள்ளைகளை எடுக்கும் குலுக்கலில் தன் பெயரைக் கூடுதலாகப் போடச் சொல்லும் ஏற்பாடு இந்த வரிசையில் முதலில் இருந்தே உண்டு. அரிசிக்காகப் பிள்ளை தன் உயிரை அடகு வைப்பது. இதைவிட நேராக எந்த இளையோர் நாவலும் பசியைச் சொல்லி நான் படித்ததில்லை. நடந்தது ஒன்று, டிவியில் வெட்டி ஒட்டிக் காட்டுவது ஒன்று என்று இதில் வரும் பகுதிகளைப் படித்தபின் எனக்கு ரீல்ஸ் பார்ப்பதே மாறிவிட்டது. குறையும் உண்டு. பழைய புத்தகங்களில் வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தலை காட்டுகிறார்கள், அவ்வளவு பேர் தேவையில்லை. ஒரு பழைய ஆங்கிலக் கவிதையை திரும்பத் திரும்பப் போட்டிருப்பதும் கடைசியில் அலுத்துவிட்டது. முதல் புத்தகம் படிக்காதவள் என்றால் அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அது 2008-ல் வந்தது.

இப்போது உங்கள் மகளின் சீட்டில் இல்லாத ஒன்று. சபா தாஹிர் எழுதிய 'ஆல் மை ரேஜ்', 2022. அந்த வருடம் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வாங்கியது. கலிஃபோர்னியாவில் ஒரு பாலைவன ஊர். லாகூரில் இருந்து போன குடும்பம் அங்கே ஒரு லாட்ஜ் நடத்துகிறது. அம்மாவுக்கு சிறுநீரக நோய். செலவுக்குப் பயந்து டயாலிசிஸைத் தள்ளிப்போடுகிறாள். அப்பா குடிகாரர். பில் எல்லாம் பையன் தலையில். அவன் தோழி நூர், மாமாவின் கடையில் வேலை செய்துகொண்டே அவருக்குத் தெரியாமல் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறாள்.

என் அப்பா சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கத் தெருவில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வங்காளத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைப்பார்கள். லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனால் மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை அடிக்கும். "இன்னும் நாலு நாள் தங்கணும், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று யாராவது கவுன்டரில் நின்று அப்பாவிடம் அரைகுறை இந்தியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டயாலிசிஸ் என்ற சொல் எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அந்தச் சொல்லும், வரவு செலவு நோட்டும், சாவி மாட்டும் பலகையும் ஒரு கதைக்குள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த எழுத்தாளர் ஒரு பில்லைக்கூட மறைக்கவில்லை. ஒரு அம்மா ஏன் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறாள் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அவள் பகுதிகள் தனியாக வரும். படித்து முடித்து அழுதேன், அப்புறம் அப்பாவுக்குக் கதையை முழுக்கச் சொன்னேன்.

வாலாஜா ஐயாவுக்கு: 'அகல் விளக்கு' படித்திருக்கிறேன். அந்த இரண்டு பையன்களின் சின்ன வயசுப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். போகப் போக ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வதே பக்கம் பக்கமாகப் போகிறது, அந்த இடங்களை வேகமாகப் புரட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாலாஜா வாசகர்:

கோபம் எதற்கம்மா. எங்களுக்கு அந்த அறிவுரைதான் பிடித்தது, அடிக்கோடு போட்டுப் படித்தோம். லாட்ஜ் கதையை என் பேத்தியிடம் சொல்லி வாங்கச் சொல்கிறேன்.

காட்பாடி ப்ளஸ் டூ:

பையன்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'லாங் வே டவுன்', 2017. முழுக்கக் கவிதை மாதிரி சின்னச் சின்ன வரி. அண்ணனைச் சுட்டவனைப் பழி வாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் ஒரு பையன். மொத்தக் கதையும் அந்த லிஃப்டுக்குள், ஒரு நிமிடத்தில். ஒவ்வொரு மாடியிலும் செத்துப்போன ஒருவர் ஏறுவார். பாடப்புத்தகம் தவிர எதையும் தொடாத என் ஃப்ரெண்ட் ஒரே மூச்சில் முடித்தான். முடிவைப் பற்றி எனக்கும் அவனுக்கும் இன்னும் சண்டை.

குடியாத்தம் தையல் கடை:

கண்ணு, நீ எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் புத்தகத்துக்கு மட்டும் முகம் சுருங்கியது, சரி என்றுவிட்டாள். லாட்ஜ் கதையில் குடி, போதை எல்லாம் வருகிறதே, அவள் தாங்குவாளா? எங்கள் தெருவிலும் குடி இருக்கிறது, அதனால் கேட்கிறேன். அப்புறம், இந்த மாதிரி தமிழில் இருந்தால் நானும் அவளோடு படிப்பேனே.

சத்துவாச்சாரி வாசகி:

போதை வரும் அக்கா, அடி வரும், மதத்தை வைத்துக் கேவலமாகப் பேசுவதும் வரும். இவை எல்லாம் கதையில் உண்டு என்று எழுத்தாளரே புத்தகத்தின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை அவளை முதலில் படிக்கச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். குடியை இந்தக் கதை அழகாகக் காட்டவில்லை. குடிக்கிற அப்பாவை அரக்கனாகவும் ஆக்கவில்லை. பக்கத்து வீட்டில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரோ தன்னிடம் உண்மையைப் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு மனசு கஷ்டப்படுவது இதில்தான். குழந்தைகளுக்கு நல்ல புத்தகங்கள் வருகின்றன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் பால சாகித்ய விருது வாங்கியது. தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025-ல் அதே விருது. ஆனால் இவை பத்து, பன்னிரண்டு வயசுக்கு. அதைத் தாண்டினால் நேராகப் பெரியவர்கள் நாவல். நடுவில் பதினாலில் இருந்து பதினெட்டு வரை நாங்கள் எதைப் படிப்பது? இரா. நடராசனின் 'ஆயிஷா' இருக்கிறது. கேள்வி கேட்டே அடி வாங்கும் பள்ளிக்கூடப் பெண்ணின் கதை, சின்னப் புத்தகம். நீங்களும் மகளும் ஒரே சாயங்காலத்தில் படித்துவிடலாம். அதை முதலில் வாங்குங்கள், விலையும் குறைவு.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேன் ஏறும் அக்காக்களின் தங்கைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அக்கா சம்பளத்தில் படிக்கும் தங்கை, ப்ளஸ் டூ முடித்ததும் அடுத்தது யார் வேன் ஏறுவது என்று வீட்டில் நடக்கும் பேச்சு. பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு பாலைவன லாட்ஜை இத்தனை விருதுக்குரிய கதையாக எழுத முடியுமென்றால், பேரணாம்பட்டில் இருந்து ஒருத்தி இதை எழுத முடியாதா? எழுதியிருந்தால் எனக்குத் தெரியவேண்டும். யாருக்காவது பெயர் தெரிந்தால் இங்கே போடுங்கள். புத்தகத் திருவிழாவில் முதலில் அதைத்தான் தேடுவேன்.

அக்கா, 'இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்' என் தோழியிடம் சும்மாதான் இருக்கிறது. வேலூர் வரும்போது சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன். அந்தக் காசில் 'ஆல் மை ரேஜ்' வாங்கிவிடலாம்.