வீட்டு வாசலுக்கு வரும் மார்மன் பையன்கள்: உங்களுக்கு என்ன அனுபவம்?

திண்ணை எழுதியது:

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டு இரண்டு பேராக வருவார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். மார்மன் என்ற சபைக்காக வீடு வீடாகப் போய் மதம் பரப்புகிறவர்கள். அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருந்தபோது நடந்தது. ஜனவரி மாதம், வெளியே மூச்சு விட்டால் உறைந்துவிடும் போலிருந்தது. கணவர் ஆபீஸ் போயிருந்தார். கதவைத் திறந்தால் இரண்டு பையன்கள், மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஊர்ப் பழக்கம், "உள்ளே வாங்க" என்று சொல்லிவிட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா மேடம்?" என்று ஒருவன் கேட்டான்.

எனக்குப் பகீரென்றது. பட்டென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வெளியே "சாரி மேடம்" என்று கேட்டது.

பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் போகக் கூடாதாம், கூட இன்னொரு ஆண் இருக்க வேண்டுமாம். இது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வீட்டுப் படியில் ஒருவன் வழுக்கி விழுந்தான். எழுந்ததும் முதல் வேலையாக டையைச் சரிசெய்துகொண்டான். முழங்காலைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

தோசைக்கல் எழுதியது:

எங்களுக்கு நேர்மாறு. டல்லாஸில் வீடு மாறும்போது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லாரியைப் பார்த்துவிட்டு, சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு, "தூக்கிக் கொடுக்கட்டுமா?" என்று வந்தார்கள். டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சோபாவையே ஏற்றினார்கள். கிரைண்டர் குழவியைக் கையில் வாங்கியவன் அப்படியே நின்று, "இது நீங்கள் வழிபடும் கல்லா?" என்று பயபக்தியோடு கேட்டான். மாவாட்டுவது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. காபி வேண்டாம், டீயும் வேண்டாம், இரண்டும் அவர்கள் மதத்தில் கூடாது என்றதால் மாமியார் பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தார். அந்த முகத்தை போட்டோ எடுக்கவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம். ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தான்.

கறார்பேர்வழி எழுதியது:

தோசைக்கல், சோபா தூக்கினால் நல்லவர்களா? சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், உங்களுக்கு என்ன உருக்கம்? என் வீட்டுக்கும் வந்தார்கள், வேண்டாம் என்றேன், போய்விட்டார்கள். அவ்வளவுதான் என் அனுபவம்.

புதிதாக அமெரிக்கா வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று, போன் நம்பர் கொடுக்காதீர்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்பது நம் ஊரில் மறுப்பு, அவர்களுக்கு அது சம்மதம்; வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். விருப்பமில்லை என்று நேராகச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் நீட்டும் மதப் புத்தகத்தை வாங்கினால் எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்பார்கள், படிக்கிற எண்ணம் இல்லையென்றால் வாங்காதீர்கள். அவர்களோடு வாதம் செய்யப் போகாதீர்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு மணி நேரம் அத்வைதம் பேசினார், மறுவாரம் நான்கு பேராக வந்தார்கள். குடிக்கக் கொடுத்தே தீர வேண்டுமென்றால் தண்ணீர் கொடுங்கள். மோரெல்லாம் தேவையில்லாத வேலை.

குவார்ட்டர்காசு எழுதியது:

கறார், சம்பளமா? ஒரு பைசா கிடையாது. அவனோ அவன் குடும்பமோ மாதாமாதம் பணம் கட்டித்தான் அனுப்புகிறார்கள். அமெரிக்கப் பையன் என்றால் முன்பு மாதம் 400 டாலர், 2020-ல் 500 ஆனது. எந்த ஊருக்குப் போவது என்பதையும் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமைதான் முடிவு செய்யும். இந்த ஊழியம் பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18.

இதெல்லாம் எனக்கு லாண்டரியில் தெரிந்தது. 2017, அரிசோனாவில் டெம்பே, அங்கே படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது, அவர்களுக்கும் அன்றைக்குத்தான் துணி துவைக்க, முடிவெட்ட, மளிகை வாங்க, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத நேரம். மாலை ஆறு மணிக்கு மறுபடி டை. மற்ற நாளெல்லாம் காலை ஆறரைக்கு எழ வேண்டும், பாடம் படிக்க வேண்டும், அப்புறம் இரவு வரை தெருத்தெருவாக. ஞாயிறு சர்ச். பத்தரைக்கு விளக்கணைப்பு. கூட இருப்பவன் கண்ணிலிருந்து மறையக் கூடாது, பாத்ரூம் மட்டும் விதிவிலக்கு. எல்டர், அதாவது பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது, மீசை முளைக்காத எல்டர்.

ஐடஹோவிலிருந்து வந்த ஒருவன் என்னிடம் சில்லறை கேட்டுப் பழக்கமானான். ஒரு திங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிரையர் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. திரையில் அம்மாவின் படம். "யார், அம்மாவா?" என்று கேட்டான். ஆமாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவன் கூட்டாளியைக் கண்ணால் கூப்பிட்டு, "எடுங்கள், நாங்கள் வெளியே நிற்கிறோம்" என்று ஈரத்துணியைக் கூடையில் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அன்னையர் தினத்துக்கு ஒரு தடவை, வருடத்துக்கு இரண்டே முறைதான் அவர்கள் வீட்டோடு பேச முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். நான் போனை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள். அடுத்த மாதம் வேறொருவன் வந்து சில்லறை கேட்டான்.

தோசைக்கல் எழுதியது:

நம் ஊரில் 41 நாள் மாலை போட்டாலே வீட்டில் எத்தனை மரியாதை. இது இரண்டு வருடம்.

கறார்பேர்வழி எழுதியது:

மாலை போட்டவன் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் புத்தகம் நீட்டுவதில்லை. சம்பள விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. அறிவுரை அப்படியேதான் இருக்கிறது.

திண்ணை எழுதியது:

கறார், போன பிப்ரவரியில் மறுபடி இரண்டு பேர் வந்தார்கள். இந்த முறை பெண்கள், பட்டையில் சிஸ்டர் என்று இருந்தது. உள்ளே கூப்பிட்டேன், வந்தார்கள். புத்தகம் வாங்கவில்லை. டீ போட அடுப்பில் வைத்துவிட்டு, ஞாபகம் வந்து, அதை இறக்கிவிட்டுப் பாலைக் காய்ச்சினேன்.