ஜாவா: ஒரே சொல்தான், ஆனால் == ஃபால்ஸ் என்கிறது

கேள்வி:
நேற்று இரவு இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. "ஆம்" என்று இரண்டு மாறிகளில் நேரடியாக எழுதி == போட்டால் ட்ரூ. அதே "ஆம்" ஸ்கேனர் (பயனர் தட்டச்சு செய்வதைப் படித்துத் தரும் ஜாவா கருவி) வழியாக வந்தால் ஃபால்ஸ். நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தேன், இரண்டிலும் 3தான். ஏன் இப்படி?

பதில்:
== எழுத்துகளைப் பார்ப்பதில்லை, இரண்டும் நினைவகத்தில் இருக்கும் ஒரே ஆப்ஜெக்டா (பொருளா) என்று மட்டுமே பார்க்கும். மேற்கோள்குறிக்குள் நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) லிட்டரல் என்பார்கள். அதை ஜாவா ஸ்ட்ரிங் பூல் என்ற பொது இடத்தில் ஒரே ஒரு முறைதான் வைக்கும். நீங்கள் நூறு இடத்தில் எழுதினாலும் அதே ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும். ஸ்ட்ரிங்கை மாற்றவே முடியாது என்பதால் இப்படிப் பகிர்வதில் ஆபத்தில்லை. ஸ்கேனர் தருவதோ நிரல் ஓடும்போது உருவாகும் புது ஆப்ஜெக்ட். எழுத்துகளை ஒப்பிட == வேண்டாம், ஈக்வல்ஸ் (equals) போடுங்கள்.

இன்னொரு பதில்:
"ஆ" + "ம்" என்று எழுதிப் பாருங்கள். நிரல் ஓடும் முன்பே கம்பைலர் (நிரலை மொழிமாற்றும் கருவி) ஒட்டி ஒரே லிட்டரல் ஆக்கிவிடும், == ட்ரூதான். "ஆ"வைச் சாதாரண மாறியில் வைத்து ஒட்டினால், ஓடும்போதுதான் ஒட்டும், அதனால் ஃபால்ஸ். அந்த மாறிக்கு ஃபைனல் (final, மதிப்பு மாறாது என்று சொல்லும் சொல்) போட்டால் மறுபடி ட்ரூ! எனக்கு இது புரிந்த நாளில்தான் லிட்டரலே புரிந்தது.

கேட்டவர்:
மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன், அப்படியே வருகிறது. ரொம்ப நன்றி. "ஆம்".ஈக்வல்ஸ்(விடை) என்று லிட்டரலை முன்னால் வைத்துவிட்டேன், விடை null ஆக (எந்த ஆப்ஜெக்டும் இல்லாமல்) வந்தாலும் நிரல் விழாது.