1, 2, 4, 8, 16 என்பதற்குப் பின் வருவது 32 அல்லவா?

உவர்மலைத் தாய் எழுதியது:

வணக்கம். என் மகள் தரம் 9 இல் படிக்கிறாள். பிரத்தியேக வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாளொன்றில், பரிதியில் புள்ளிகள் குறிக்கப்பட்ட ஒரு வட்டத்தை வரைந்து, புள்ளிகளை நாண்களால் இணைக்கும்போது உண்டாகும் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என வளர்வதாகக் காட்டி, ஆறு புள்ளிகளுக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள். அவள் தயங்காமல் 32 என்று எழுதினாள். விடைப் பத்திரத்தில் 31 என்று இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. கவராயத்தால் வட்டம் வரைந்து, அதே ஆரையால் பரிதியை ஆறாகப் பிரித்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்து எண்ணினாள். கிடைத்ததோ 30. நானும் எண்ணிப் பார்த்தேன், 30 தான். இந்த மூன்றில் எது சரி? ஐந்து உறுப்புகள் வரை இரட்டித்து வந்த ஒரு கோலம் ஆறாவதில் மாறக்கூடுமென்றால், பரீட்சையில் பிள்ளை எதை நம்பி விடை எழுதுவது?

நிலாவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் மகள் எண்ணியதும் சரி, விடைப் பத்திரமும் சரி. அவள் புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்ததுதான் வேறுபாட்டுக்குக் காரணம். ஒழுங்கான அறுகோணியில் எதிரெதிர் உச்சிகளை இணைக்கும் மூன்று நாண்களும் வட்டத்தின் மையத்தில் ஒரே புள்ளியில் சந்தித்துவிடும். ஆறில் ஒரு புள்ளியைப் பரிதியிலேயே சற்று நகர்த்தினால், அம்மூன்று நாண்களும் தனித்தனி இடங்களில் வெட்டிக்கொண்டு நடுவில் ஒரு சிறிய முக்கோணியைத் தோற்றுவிக்கும். அதுதான் காணாமற்போன 31 ஆவது பகுதி. 'எந்த மூன்று நாண்களும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்காதவாறு' என்ற நிபந்தனையை வினாவில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டவர்தான் உங்கள் வீட்டுக் குழப்பத்துக்குப் பொறுப்பு.

31 எங்கிருந்து வருகிறது என்பதை மகளுக்கு இவ்வாறு சொல்லிக் கொடுங்கள். வெறும் வட்டம் ஒரு பகுதி. நாண் ஒன்றை வரைய ஒரு பகுதி கூடுகிறது. அந்த நாண் முன்பே வரைந்த நாண்களை உள்ளே எத்தனை தடவை வெட்டுகிறதோ அத்தனை பகுதிகள் மேலும் கூடுகின்றன. ஒரு நாணுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரு வெட்டுப் புள்ளிக்கு நான்கு புள்ளிகள் வேண்டும், ஏனெனில் பரிதியில் எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரு நாற்பக்கலாகி, அதன் இரு மூலைவிட்டங்களும் ஓரிடத்தில் மட்டுமே வெட்டும். ஆறு புள்ளிகளிலிருந்து இரண்டைத் தெரிவுசெய்ய 15 வழிகள், நான்கைத் தெரிவுசெய்யவும் 15 வழிகள்; 1 + 15 + 15 = 31. ஐந்து புள்ளிகளுக்கு 1 + 10 + 5 = 16.

அப்படியானால் முதல் ஐந்தும் ஏன் இரட்டித்தன? இது தற்செயலன்று. ஓரங்களில் 1 உம், உள்ளே மேல் வரிசையின் அடுத்தடுத்த இரு எண்களின் கூட்டுத்தொகையும் எழுதி அமைக்கும் பஸ்காலின் முக்கோணியில் 1, 4, 6, 4, 1 என்ற வரிசையைக் கூட்டினால் 16 வரும். அடுத்த வரிசையான 1, 5, 10, 10, 5, 1 ஐக் கூட்டினால் 32 வரும். நம் வட்டமோ ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஐந்து எண்களை மட்டுமே கூட்டுகிறது. ஐந்து புள்ளிகள் வரை வரிசையில் ஐந்து எண்களுக்கு மேல் இல்லாததால் முழுக் கூட்டுத்தொகையும் கிடைத்தது; ஆறாவதில் கடைசி 1 விடுபட, 31 ஆயிற்று. ஏழு, எட்டு, ஒன்பது புள்ளிகளுக்கு 57, 99, 163 என்று இரண்டின் வலுக்களைவிட்டு விலகிச் செல்லும் இக்கோலம், பத்துப் புள்ளிகளில் 256 ஆகி மறுபடி ஒரு வலுவைத் தொடும். அங்கே வரிசையில் பத்து எண்கள் இருப்பதால், முதல் ஐந்தும் மிகச் சரியாக அதன் பாதி. எனக்கு 31 ஐவிட இந்த 256 தான் அதிக வியப்பைத் தந்தது.

கிண்ணியா மாணவன் எழுதியது:

ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட்டப் படம் இல்லாமல் 1, 2, 4, 8, 16 என்று மட்டும் கேட்டிருந்தால், அந்த வினாவுக்கு ஒரே விடை என்று ஒன்று கிடையாது. 1!, 2!, 3!, 4!, 5!, 6! (4! என்றால் 1×2×3×4) ஆகிய எண்களுக்கு எத்தனை காரணிகள் உள்ளன என்று எண்ணுங்கள்: 1, 2, 4, 8, 16, 30. கடைசி எண்ணான 720 க்கு 30 காரணிகள். படத்தோடு தொடர்பில்லாத இன்னொரு வழியிலும் 30 நியாயமான விடையாகிவிடுகிறது!

இன்னும் பொதுவாகச் சொல்வதானால், 2 இன் வலுவைத் தரும் வழக்கமான பொது உறுப்பான 2ⁿ⁻¹ உடன் k(n−1)(n−2)(n−3)(n−4)(n−5)/120 என்பதைக் கூட்டுங்கள். n இற்கு 1 முதல் 5 வரை இட்டால் கூட்டிய பகுதி பூச்சியமாகிவிடும். முதல் ஐந்து உறுப்புகளும் மாறா. n = 6 ஆகும்போது விடை 32 + k. அடுத்த உறுப்பு 1000 ஆக வேண்டுமா? k ஐ 968 ஆக எடுத்தால் போதும். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளும் அருகருகே இருந்தும் சூட்டில் வேறுபடுகின்றன. ஐந்து கிணறுகளில் கை வைத்துப் பார்த்தவர் ஆறாவதன் சூட்டைச் சத்தியம் செய்ய முடியாது. கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964 இல் திரட்டத் தொடங்கிய எண் தொடர்களின் தொகுப்பு இன்று இணையத்தில் கலைக்களஞ்சியமாக இருக்கிறது. அதில் 1, 2, 4, 8, 16 என்று தேடிப் பாருங்கள், பக்கம் பக்கமாக வரும்.

மூதூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, கணக்கு சரிதான். ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் எழுதப் போகும் பிள்ளையிடம் எந்த எண்ணும் விடையாகலாம் என்று சொல்லி அனுப்ப முடியாது. பரீட்சை வினா, கொடுத்த எண்களுக்குப் பொருந்தும் மிக எளிய விதியையே கேட்கிறது; படமோ விளக்கமோ உடனிருந்தால் அதற்கே முதலிடம். உவர்மலைச் சகோதரியின் மகள் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எதிர்பாராத விடை வரும் புதிர்களிலும் தரம் உண்டு. 61, 52, 63, 94, 46 என்பதற்கு அடுத்தது 18. 16, 25, 36, 49, 64, 81 ஆகிய வர்க்கங்களைத் திருப்பி எழுதினால் போதும். விடையைக் கேட்டவுடன் பிள்ளை 'அட!' என்று ஒப்புக்கொள்ளும். 3, 4, 3, 3, 3, 2, 2 என்பதற்கு அடுத்தது 3 என்று நான் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுப்பெயர்களின் எழுத்துகளைப் புள்ளி எழுத்துகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வகுப்பில் இது நல்ல விளையாட்டு. கணித வினாத்தாளில் இதற்கு இடமில்லை.

நிலாவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

எளிய விதியே போதும் என்பது பரீட்சைக்குச் சரி, சகோதரி. ஆனால் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்களாக இருப்பதைக் கண்டு, அவற்றின் விதியில் (ஓர் எண்ணிலிருந்து 1 ஐக் கழித்து, வர்க்கித்து, 1 ஐக் கூட்டினால் அடுத்தது) வரும் எண்களெல்லாம் முதன்மை எண்களே என்று நம்பியவர் கணிதவியலாளர் பேர்மா. ஆறாவதான 4294967297 ஐ 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732 இல் இன்னொரு கணிதவியலாளரான ஒயிலர் காட்டினார். விதியை ஊகிக்கலாம், நிறுவாமல் விடக்கூடாது.

உவர்மலைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு புள்ளியை நகர்த்தியதும் நடுவில் முக்கோணி தெரிந்தது. ஏழு புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தாலும் ஒன்று குறையுமா என்று மகள் கேட்கிறாள்.

நிலாவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

குறையாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருக்கும் ஒழுங்கான பல்கோணியில் மூன்று மூலைவிட்டங்கள் உள்ளே ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை; ஆகவே 57 முழுமையாகக் கிடைக்கும். எட்டுப் புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் 99 க்குப் பதிலாக 88 தான் வரும். வட்டத்தை ஏழு சம பாகங்களாகக் கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் மட்டும் பிரிக்க இயலாது என்பதால், பாகைமானியில் 51 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதிகள் மிகச் சிறியவை. பெரிய தாளில், கூரிய பென்சிலால் வரையட்டும்.